891 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளக்

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா. கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் திரைகளின் வெளிச்சம் மட்டும். பேச்சில்லை. திரையில் கடலடி: சாம்பல் நிறச் சேறு, மேலிருந்து ஓயாமல் உதிரும் வெள்ளைத் துகள்கள், விளக்கைப் பார்த்து வந்து நிற்கும் ஒரு கறுத்த மீன். நடுவே, இழுவலை வந்து சிக்காதபடி அமைத்த இரும்புச் சட்டகம். மார்ஸ் என்கிற ஆய்வு நிலையம்.

கப்பலிலிருந்து இயக்கும் ரோபோவின் கையில் ஒரு பிளக். ஓட்டுநர் விசையை மெல்ல அசைக்கிறார். கை ஓர் அங்குலம் முன்னேறுகிறது. சேறு கிளம்பித் திரை மங்குகிறது. அவர் கையைப் பின்னுக்கு எடுத்து, நீரோட்டம் சேற்றை விலக்கும்வரை காத்திருக்கிறார். அவசரம் இல்லை, அவசரப்படவும் முடியாது.

மாஸ் லேண்டிங் கரையிலிருந்து 52 கிலோமீட்டர் கேபிள் வழியாக 10,000 வோல்ட் நேர்மின்னோட்டம் இந்த நிலையத்துக்கு வருகிறது. மாறுமின்னோட்டம் அனுப்பினால், இவ்வளவு நீளமான கேபிள் தானே ஒரு மின்தேக்கியாகி அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மின்னழுத்தம் உயர்ந்திருப்பதால் 10 கிலோவாட்டுக்கு ஒரே ஓர் ஆம்பியர் போதும். வழியில் சூடாகி வீணாவதும் குறைவு. போவதற்குத்தான் செம்புக் கம்பி. திரும்பி வரும் வழி கடல்நீரே. நிலையத்துக்குள் அந்த 10,000 வோல்ட் 375 வோல்ட்டாகவும் 48 வோல்ட்டாகவும் இறங்கிக் கருவிகளுக்குப் பிரிகிறது.

மின்சாரத்தைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் அதே உப்புநீர், பிளக்குக்குள் ஒரு துளி புகுந்தால் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வெளியே அழுத்தம் சுமார் 90 வளிமண்டலம். அதனால் பிளக்கின் உள்ளே எண்ணெய் நிரப்பியிருக்கிறார்கள். உலோக முனை ரப்பர் உதடுகளைத் துளைத்து நுழையும்போதே ஒட்டிய நீர் வழித்து எடுக்கப்படுகிறது. 2008 பிப்ரவரியில் நிலையத்தை இறக்கி மின்சாரம் கொடுத்த சற்று நேரத்தில் ஓர் இணைப்பில் நீர் கசிந்தது. அதை மேலே தூக்கிச் சீர்செய்து, நவம்பரில்தான் இயக்க முடிந்தது. 52 கிலோமீட்டர் கேபிளைவிடக் கையளவுப் பிளக்கே பெரிய சாதனை என்பேன்.

சேறு விலகுகிறது. கை மீண்டும் நகர்கிறது. முனை வாயைத் தேடி, தொட்டு, சற்றே விலகி, நேராகி, உள்ளே போகிறது. ஓட்டுநர் இன்னும் விசையிலிருந்து கையை எடுக்கவில்லை. கரைக்குச் சொல்கிறார்கள். அங்கே யாரோ மின்சாரம் கொடுக்கிறார். ஓரத்துத் திரையில் எண்கள் ஓடத் தொடங்குகின்றன.

இப்படி இணைக்காமல் பேட்டரியை நம்பிய கருவிகள் அது தீரும்வரைதான் உழைக்கும். பதிந்ததைத் தெரிந்துகொள்ளக் கப்பல் போய் எடுத்துவர வேண்டும். மார்ஸில் 2015 ஜூலையில் பொருத்திய நீரடி ஒலிவாங்கியோ, திமிங்கிலம் குரல் கொடுக்கும்போதே கரைக்கு அனுப்பியது. அந்தப் பதிவுகள் இணையத்தில் எவருக்கும் திறந்திருக்கின்றன. நீலத் திமிங்கிலத்தின் குரல் பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது. வேகம் கூட்டிய பதிவைத் தேடிக் கேளுங்கள்.