அமேசானின் மௌனக் கூட்டம்

அமேசானின் உயர்மட்டக் கூட்டம் பேச்சில் தொடங்குவதில்லை. 2004 ஜூனில் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அங்கே பவர்பாயின்டுக்குத் தடை போட்டார். அதன் இடத்துக்கு வந்தது, முழு வாக்கியங்களில் பத்தி பத்தியாக எழுதிய ஆறு பக்கக் குறிப்பு. கூட்டம் கூடியதும் சுமார் அரை மணி நேரம் எல்லாரும் வாய் திறக்காமல் அதைப் படிப்பார்கள், அப்புறம்தான் விவாதம். முன்கூட்டியே அனுப்பினால் படிக்காமலே படித்த மாதிரி தலையாட்டுவார்கள் என்பது பெசோஸின் கணக்கு (தப்புக் கணக்கு என்று சொல்ல முடியாது). ஸ்லைடில் அரைகுறை யோசனையை அம்புக்குறி போட்டு மறைத்துவிடலாம். வாக்கியத்தில் அது பல்லிளித்துவிடும். எழுதுபவர் பாடுதான் திண்டாட்டம். நல்ல குறிப்புக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம் என்று 2017ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் பெசோஸே எழுதியிருக்கிறார். அவ்வளவு உழைத்தாலும் குறிப்பில் எழுதியவர் பெயர் இருக்காது; மொத்தக் குழுவின் வேலையாகத்தான் அது மேசைக்கு வரும்.