உரும்பிராயில் ஓர் இசையிரவு

பலாலி வீதியில் கோண்டாவிலைக் கடந்தால் உரும்பிராயின் செம்மண் தோட்டங்கள் எதிர்ப்படும். அங்கே நண்பரொருவர் இல்லத்தில், அலுவலகத் தோழர் அறுவர் ‘கரோக்கே’ பாடக் கூடினோம். வாத்தியம் மட்டும் ஒலிக்க, குரலை நாம் கொடுக்கவேண்டும். 1971ஆம் ஆண்டில் யப்பானின் கோபே நகரில் இதற்கெனக் கருவி அமைத்த டைசுகே இனோவே, காப்புரிமை பெறவில்லை. நமக்கு நல்லதாயிற்று!

எங்கள் கணக்காளர் அலுவலகத்தில் அதிகம் வாய் திறவாதவர். 1990களின் போர்க்காலத்தில், மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையினர். இவர் மிதியைச் சுற்ற, தமையனார் கூடவே பாடுவாராம். கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். ஆதலால் இவர் பாடியதேயில்லை.

அன்று ஒலிவாங்கியைப் பற்றியவர் மூன்று பாட்டுகள் முடிந்தும் விடவில்லை. சுருதி சற்று விலகிற்று, எவரும் பொருட்படுத்தவில்லை. இடியப்பமும் சொதியும் ஆறிக்கொண்டிருந்தன.