விதைக்கடலையும் ஹார்ட் டிஸ்க்கும்

தலைப்பைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் "இது எங்க ஏரியா!" என்று கிளம்பிவிடக்கூடும். மன்னிக்கவும். ஹார்ட் டிஸ்க் ஒரு மெக்கானிக்கல் சாமான். அதற்குள் மோட்டார் உண்டு, பேரிங் உண்டு, சுழலும் தட்டு உண்டு, தட்டின்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு கை உண்டு. லேப்டாப்பில் இருக்கும் இரண்டரை அங்குல டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம்ம காலேஜுக்கு வரும் டவுன் பஸ்கூட அந்த வேகம் போவதில்லை! அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். மெட்ராலஜி வகுப்பில் கிளியரன்ஸ் என்றதும் தூங்கி வழிந்தவர்கள் இப்போது எழுந்து ஒரு வணக்கம் வைக்கலாம்.

1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தனவாம். அத்தனை தட்டிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துதான் அடங்கும். இன்று மொபைலில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதை நிரப்பிவிடும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கையால் சுற்றும் கடலை உடைக்கும் மிஷின் செய்தோம். அறுவடை முடிந்ததும் எங்கள் ஊருக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தோம். பச்சையாகப் பறித்த காய், இரண்டு நாள் காய்ந்தது, ஒரு வாரம் காய்ந்தது என்று தனித்தனியாகப் போட்டு, எவ்வளவு பருப்பு முழுசாக வருகிறது, எவ்வளவு உடைகிறது என்று எடை போட்டோம். பக்கத்திலேயே அம்மாவும் தெருப் பெண்கள் நாலு பேரும் கையால் உரித்தார்கள். அந்தக் கணக்கு முழுவதும் என் லேப்டாப்பில் இருந்தது. கடலை விற்ற காசில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்.

பிப்ரவரியில் அது படுத்தது. முதலில் ஆன் ஆவதற்கே பத்து நிமிடம். பிறகு ஒரு ஃபைலைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். அப்புறம் அந்தச் சத்தம். டிக்... டிக்... கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் டிக். பேரிங் போன லேத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்கு வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அதே கலக்கம்தான்.

யோசனைகளுக்குக் குறைவே இல்லை! கடைக்காரர், "ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டா சரியாயிடும் தம்பி" என்றார். விண்டோஸ் சரியாகும், கணக்கு போய்விடும். ஹாஸ்டல் நண்பன் ஒருவன் டிஸ்க்கைக் கழற்றி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னான். குளிர்ந்த சாமானை வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் கோர்க்கும், தர்மோடைனமிக்ஸ் படித்தவனே இப்படிச் சொன்னால் என்ன செய்வது? டிஸ்க்கைப் பிரித்து டேட்டா எடுத்துத் தரும் இடத்துக்குப் போன் போட்டோம். அவர்கள் சொன்ன தொகையில் இரண்டு செமஸ்டர் ஃபீஸ் கட்டலாம்.

எங்கள் லேப் சார்தான், "மொதல்ல ஆஃப் பண்ணுங்கடா" என்றார். பழுதான டிஸ்க்கைச் சோதிக்கிறேன், சரிசெய்கிறேன் என்று ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் ஆயுள் குறையும். மிச்சமிருக்கும் மூச்சைக் காப்பி எடுப்பதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். படிக்க முடியாமல் காத்துக் கிடக்கும் செக்டார்களின் எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டே இருந்தது. 2007-இல் கூகுள்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து வெளியிட்ட ஆய்வை சார் சொன்னார். முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் போய்விடும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு அதிகமாம். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நாலு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போயிருக்கின்றன. எங்களுடையது சத்தமாவது போட்டது!

இனித்தான் சண்டை. எதை முதலில் எடுப்பது? அடுத்த வாரம் ரிவ்யூ, ஆகவே ஆட்டோகேட் டிராயிங்தான் முதலில் என்று மற்ற நாலு பேரும் நின்றார்கள். நான் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அதுக்குள்ள என்னடா ஓடுது?"

"தட்டு மாதிரி ஒண்ணும்மா. தேஞ்சு போச்சு. கொஞ்ச நேரந்தான் ஓடும், அதுக்குள்ள உள்ள இருக்கறத எடுக்கணும்."

"கூரைல மழை எறங்குனா நாம என்னாடா பண்ணுவோம்? மொதல்ல வெதக்கடல மூட்டையத்தான தூக்குவோம். துணிமணியெல்லாம் அப்புறந்தான?"

திரும்பி வந்து சொன்னேன். டிராயிங்கை நாலு ராத்திரி கண் விழித்து மறுபடி போட்டுவிடலாம், மிஷினே கண் முன்னால் நிற்கிறது. அந்த ஈரக்காய் அடுத்த அறுவடைக்குத்தான் வரும், அப்போது நாம் யாரும் இந்த வகுப்பில் இருக்கமாட்டோம். முணுமுணுத்தார்கள், ஆனால் ஒப்புக்கொண்டார்கள்.

சார் தந்த லினக்ஸ் பென் டிரைவிலிருந்து மிஷினை ஆன் செய்து, டிஸ்க்கில் எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் செய்தோம். கணக்கு ஃபைல் வந்தது. ஐந்து பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து லேபிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டோம். அதன் புத்திசாலித்தனம் எனக்குப் பிடித்தது. சுலபமாக வரும் பகுதியை முதல் சுற்றில் அள்ளிவிடும். அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், விட்ட இடங்களை ஒரு ஃபைலில் குறித்து வைத்து, கடைசியில் திரும்பி வந்து சுரண்டும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நல்ல டிஸ்க்காக இருந்தால் 500 ஜி.பி.க்குச் சில மணி நேரம் போதும். எங்களுக்கு அந்த ராத்திரியும் மறுநாள் பகலும் ஆனது. சாயங்காலம் டிக் டிக் மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

டிராயிங்கில் எட்டு ஷீட் போனது. அம்மா கடலை உரிக்கும் வீடியோ பாதியில் நின்றுவிடுகிறது. தெருப் பெண்களின் சிரிப்பு வரை இருக்கிறது, அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஷீட்டுகளை மறுபடி போட்டோம். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஈரக்காயில் ஏன் இவ்வளவு உடைகிறது என்று அதையே துருவிக் கேட்டார். கணக்கைக் காட்டினோம், பத்து நிமிடம் பேசினோம்.

செத்த டிஸ்க்கைப் பிறகு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பிரித்தோம். கண்ணாடி போன்ற தட்டில் வட்டமாக ஒரே ஒரு கீறல். கையை அசைக்கும் காந்தங்கள் இரண்டு இருந்தன. சின்னதுதான், ஆனால் விரலை நசுக்கும் பலம்! அதில் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோனேன். வீட்டு டிரங்குப் பெட்டியின் பக்கவாட்டில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா அதில்தான் கோணி ஊசியை மாட்டி வைக்கிறார்.