குழாயடிக் கணக்கு

பி.காம். படித்தவனுக்கு 'ஸ்டேஷனரி' என்றால் லாப நஷ்டக் கணக்கில் வரும் பேனா, பேப்பர், குண்டூசிச் செலவு. கால்குலஸில் ஸ்டேஷனரி வேறு (ஸ்பெல்லிங்கும் வேறு). ஒரு வளைகோடு ஏறாமல், இறங்காமல் சமதளமாக நிற்கிற இடம். அங்கே சாய்வு பூஜ்யம். 'மிகக் குறைவு எங்கே?' என்றால், சாய்வைப் பூஜ்யமாக்கி விடையைப் பிடி என்பது ப்ளஸ் டூ மந்திரம்.

அந்த மந்திரம் பலிக்காத இடமும் உண்டு. ஒரு நேர்த் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். தெரு ஆரம்பத்திலிருந்து 0, 20, 30, 50, 400 மீட்டர் தூரங்களில் ஐந்து வீடுகள். பொதுக் குழாய் ஒன்றே ஒன்று. எல்லோரும் நடக்குற மொத்த தூரம் குறையணும். எங்கே வைக்கலாம்?

சராசரி பார்த்தால் 100-வது மீட்டர். மொத்த நடை 600 மீட்டர். நடு வீட்டு வாசலில், அதாவது 30-ல் வைத்தால் 430-தான்!

காரணம் சிம்பிள். தூரத்துக்கு மைனஸ் கிடையாது. இந்தப் பக்கம் பத்து மீட்டரும் பத்துதான், அந்தப் பக்கம் பத்தும் பத்துதான். இதைத்தான் இரண்டு நெட்டுக்கோட்டுக்கு நடுவில் எழுதி 'மாடுலஸ்' என்கிறார்கள். குழாயை 20-லிருந்து 30-ஐ நோக்கி ஒரு மீட்டர் நகர்த்துங்கள். மூன்று வீட்டுக்கு லாபம், இரண்டு வீட்டுக்கு நஷ்டம். 30-ஐத் தாண்டினால் இரண்டுக்கு லாபம், மூன்றுக்கு நஷ்டம். சாய்வு மைனஸ் ஒன்றிலிருந்து ப்ளஸ் ஒன்றுக்கு ஒரே தாவல். நடுவில் பூஜ்யமே வராது. படம் போட்டுப் பாருங்கள், வளைவே இருக்காது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு முனைதான். ஆகவே, மாடுலஸ் வந்தால் சாய்வு பூஜ்யமாகும் இடத்தோடு, சாய்வே சொல்ல முடியாத முனைகளையும் சோதிக்கணும்.

'இடைநிலையிலிருந்து எடுக்கும் சராசரி விலக்கமே மிகக் குறைவு' என்று பி.காம். புள்ளியியலில் ஒரு வரி வரும். உருப்போட்ட அந்த வரிக்குள் இருப்பது இந்த முனைதான்.

பூமியின் வடிவத்தைக் கணக்கிட 1757-ல் பாஸ்கோவிச் என்ற பாதிரியார் பிழைகளை இப்படி மைனஸ் பார்க்காமல்தான் கூட்டினார். 1805-ல் லெஜாந்தர் பிழைகளை வர்க்கமாக்கிக் கூட்டும் முறையை வெளியிட்டார். வர்க்கத்துக்கு முனை கிடையாது. கால்குலஸ் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த முறைதான் பரவலாக ஜெயித்தது. அதன்படி போனால் நம் குழாய் சராசரியில், 100-ல்.

ஆனால், கடைசி வீட்டம்மாவை யாராவது கேட்டோமா? குழாய் 30-ல் இருந்தால் அவர் குடத்தோடு 370 மீட்டர் நடக்கணும். அவர் வீடு 4,000 மீட்டருக்குத் தள்ளிப் போனாலும், நம்ம கணக்கு குழாயை ஒரு இஞ்ச்கூட நகர்த்தாது.

'அதிகம் நடப்பவருக்கு நடை குறையட்டும்' என்று கேள்வியை மாற்றினால் குழாய் 200-ல் வந்து நிற்கும். யாருக்கும் 200 மீட்டருக்கு மேல் இல்லை. அதுவும் ஒரு முனைதான், அங்கேயும் சாய்வு பூஜ்யமில்லை. மொத்த நடை மட்டும் 900 ஆகிவிடும்.

முப்பதா, நூறா, இருநூறா? அதை கால்குலஸ் சொல்லாது சார். யாருடைய கால்வலியை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று முதலில் தெரு கூடிப் பேசணும்.