மாத்திரையைப் பொடிக்கிறதுக்கு முன்னாடி...

வீட்ல பெரியவங்களுக்கு மாத்திரை தொண்டையில சிக்குதுன்னு உடைச்சோ பொடிச்சோ குடுக்கறீங்களா? இந்தப் பதிவைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

எழுபது வயதைக் கடந்த ஒரு அம்மா. பிரஷருக்கு நிஃபெடிபின் எக்ஸ்.ஆர். 30 மில்லிகிராம், தினமும் காலையில் ஒன்று. எழுதிக் கொடுத்தது நான்தான்.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு, அன்றைய மாத்திரை போடாமல் வந்தார். பிரஷர் 170/100.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?"

"ஒரு நாள் கூட விடல சார்."

அளவை 60 ஆக்கினேன்.

ஒரே வாரம். காலையில் மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டார். நெற்றியில் ரத்தத்தோடு தூக்கி வந்தார்கள். பிரஷர் 80/50.

அப்போதுதான் மருமகள் சொன்னார்: "அத்தையால முழுங்க முடியல சார். நுணுக்கி தேன்ல கொழச்சுக் குடுக்கறேன்."

எக்ஸ்.ஆர். மாத்திரை சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி. 24 மணி நேரத்துக்கான மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடும். நுணுக்கினா மடை உடைஞ்ச கதைதான். மொத்த மருந்தும் ஒரேயடியா ரத்தத்துல ஏறி பிரஷர் சரியும். சீக்கிரமே தீர்ந்தும் போகும். மறுநாள் காலையில பிரஷர் மறுபடி எகிறி நிற்கும். அந்தக் காலை அளவைப் பார்த்துத்தான் நான் டோஸை ஏற்றியிருக்கிறேன்!

மருமகள் அழுதார். தப்பு அவருடையது இல்லை. "போடறீங்களா"ன்னு கேட்ட நான், "எப்படி போடறீங்க"ன்னு கேட்கவில்லை.

அந்த அம்மா தேறிவிட்டார். இப்போது அம்லோடிபின் போடுகிறார். சின்ன மாத்திரை. அந்த மருந்தே இயல்பாக உடம்பில் நெடுநேரம் தங்கும் என்பதால் பொடித்தாலும் இந்தச் சிக்கல் வராது.

நீங்க செய்ய வேண்டியது:

👉 அட்டையில் மருந்துப் பெயருக்குப் பின்னாடி எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல். என்று இருக்கா பாருங்க. சுகர் மாத்திரை மெட்ஃபார்மினிலும் இந்த வகை உண்டு.

👉 இருந்தா பொடிக்காதீங்க, மெல்லாதீங்க.

👉 நடுவில் கோடு போட்ட சில வகைகளை மட்டும் பாதியாக்கலாம். மெட்டோப்ரோலால் சக்ஸினேட்டில் அப்படி உண்டு. ஆனா கேட்டுட்டுதான் செய்யணும். அதையும் பொடிக்கக் கூடாது.

👉 முழுங்க முடியலன்னு நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. மாற்று மருந்து இருக்கும்.

அடுத்த தடவை டாக்டர் கேட்க மறந்தாலும், "முழுங்க முடியல சார்"னு நீங்களே சொல்லிடுங்க. அந்த ஒரு வார்த்தை போதும்.