மீன் தொட்டியும் மின்னலும்

எங்கள் சிறு வயதில் தோட்டத்தில் கரண்டு போவது ஒரு செய்தியே அல்ல, வருவதுதான் செய்தி. மாலை ஆறரைக்கு எஸ்டேட் இஞ்சின் ஓடத் தொடங்கும். இரவு பத்துக்கு நின்றுவிடும். நிற்பதற்கு முன் விளக்கு ஒரு முறை மங்கி எரியும். அதற்குள் பாயை விரித்துக்கொள்ள வேண்டும். அந்த லயத்தில் வளர்ந்த என்னிடம், கரண்டு இல்லாவிட்டால் செத்துப்போகும் ஒன்றை நீ வீட்டுக்குள் வைத்து வளர்ப்பாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

1996ஆம் ஆண்டில் அது வந்து சேர்ந்தது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டு, லயத்துக்கும் ஊர்க் கரண்டு வந்துவிட்ட காலம். மூத்தவள் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் தம்பிக்கு இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி வந்தாள். காற்றுப் பம்பு, விளக்கு, பதினான்கு தங்க மீன்கள். பையனுக்கு அப்போது பத்து வயது. அதுவரை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பந்துக்கு ஓடியவன், அன்று முதல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 3, சனிக்கிழமை மாலை. தீபகற்ப மலேசியாவே இருண்டுபோன அந்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேரம் சென்றிருக்கும், உள்ளேயிருந்து பையன் கத்தினான்: "அம்மா, எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளக்குது!"

வெப்பமான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் கரையும். தங்க மீனோ நிறையக் காற்று கேட்கும் சாதி. வயல் வாய்க்காலில் நாம் பிடிக்கும் செப்பாட்டும் சண்டை மீனும் மேலே வந்து நேராகக் காற்றையே குடித்துப் பிழைத்துக்கொள்ளும். தங்க மீனுக்கு அந்த வசதி கிடையாது. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர்தான் ஒரு மைலோ டின்னை எடுத்து, அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டார். தொட்டித் தண்ணீரையே முகந்து, டின்னில் ஊற்றி, உயரத்திலிருந்து மழைபோல் விழ வைத்தோம். மூன்று பேரும் முறை போட்டு நள்ளிரவு வரை செய்தோம். ஒரு மீனும் சாகவில்லை.

மீன் பிழைத்தது, பம்பு பிழைக்கவில்லை. அதைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைத்திருந்தோம். பம்பு நின்றதும் தொட்டித் தண்ணீர் காற்றுக் குழாய் வழியாகத் திரும்பி இறங்கி, பம்புக்குள் புகுந்து, பக்கத்தில் கிடந்த எக்ஸ்டென்ஷன் வரை ஓடியிருக்கிறது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை. கரண்டு வந்ததும் "டப்" என்றது. மறுநாள் பட்டணத்துக் கடையில் வேறு பம்பு வாங்கினோம். கடைக்காரர் குழாயில் செருக ஒரு சிறு அடைப்பானும் தந்தார். காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடும். தண்ணீரைத் திரும்ப விடாது. பம்பையும் தொட்டியைவிட உயரமாகப் பலகை அடித்து வைத்தோம்.

அதோடு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஏப்ரலில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஈப்போவுக்குப் போனோம். இரண்டு இரவு தங்கினோம். நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாத மாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தால் நாற்றம். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. எங்கோ பக்கத்தில் மின்னல் இறங்கியதில் மெயின் பெட்டியிலிருந்த டிரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. தூக்கிவிட ஆள் இல்லை. பதினான்கு மீன்களும் மிதந்தன.

பையன் அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவன் அழவில்லை. வாளியில் அள்ளிக்கொண்டு போய் வாழை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான். நான்கு நாள் வீட்டில் யாரோடும் பேச்சில்லை.

அந்த வேதனையில்தான் நான் ஒரு தப்பான காரியத்துக்குத் தலையாட்டினேன். என் நாத்தனார் மகன் ஒயர் வேலை கொஞ்சம் தெரிந்தவன். "அத்தை, இந்த டிரிப் சுவிட்சாலேதான் வம்பு. இதைத் தாண்டி நேரா கொடுத்துட்டா இனிமே விழவே விழாது" என்றான். பத்து நிமிடத்தில் முடித்தும் விட்டான். புதிதாக ஆறு மீன் வாங்கினோம். பசார் மாலாமில் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்பு ஒன்று மலிவாகக் கிடைத்தது, அதையும் வாங்கிப் போட்டோம். எவ்வளவு இடி இடித்தாலும் விளக்கு போகவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் இருக்கும். பாசியைத் தேய்க்கக் கையை விட்ட பையன், "அம்மா, தண்ணி கடிக்குது" என்றான். மீன்தான் கடித்திருக்கும் என்று சிரித்தேன். மறுநாளும் அதையே சொன்னான். அவர் வேலையிலிருந்து வந்ததும் டெஸ்ட் பேனாவைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது.

மலிவுப் பம்பின் மேலுறை வெடித்துக் கரண்டு தண்ணீரில் இறங்கியிருக்கிறது. மீன்கள் அதிலேயே சுகமாக நீந்திக்கொண்டிருந்தன. கரண்டுக் கம்பியில் குருவி உட்காருவதைப் போல, தரையோடு தொடர்பு இல்லாததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் நீந்துகிறதே, தண்ணீர் சரி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பையன் அன்று ரப்பர் சிலிப்பர் போட்டிருந்தான். ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால்... அந்த இரவு நான் தூங்கவில்லை. அவன் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் லைசன்ஸ் உள்ள ஒயர்மேனை அழைத்து வந்தோம். பெட்டியைத் திறந்து பார்த்தவர் எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அந்தச் சுவிட்ச் கெட்டதால் விழவில்லை. மின்னல் கம்பியில் ஏற்றிய மின்சாரம் தரைக்கு ஒழுகியதைக் கண்டு, தன் வேலையைத்தான் செய்தது என்றார். அதைத் திரும்பப் பூட்டினார். வீட்டு மெயினில் இருப்பது பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியருக்கு விழுவது. மனித உயிரைக் காக்க அது போதாது, தொட்டிக்குத் தனியாக 30 அல்லது அதற்கும் குறைவில் விழுவது வேண்டும் என்று சொல்லி அதையும் பொருத்தினார். தொட்டிக்கென்று தனி இணைப்பு வந்ததால் அங்கே ஏதாவது ஒழுகினால் பெரும்பாலும் அது மட்டுமே விழும். பிளக்குக்குப் போகும் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார். தண்ணீர் வழிந்து வந்தாலும் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

இப்போது கடைகளில் மின்னல் தடுப்புள்ள எக்ஸ்டென்ஷன் பலகை விற்கிறார்கள். வாங்கலாம், தவறில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் சிறு வில்லை ஒவ்வொரு அடியையும் தாங்கித் தாங்கித் தேய்ந்துபோகும். தேய்ந்த பிறகு அது வெறும் பலகைதான். சுவரில் எர்த் ஒயர் சரியாக இல்லாத பழைய வீட்டில் அதன் வேலை அரைகுறை. நேராக இறங்கும் மின்னலுக்கு எந்தப் பலகையும் ஈடு நிற்காது. வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே எங்கள் வீட்டு வழக்கம். இடி தலைக்கு மேலே வந்த பிறகு கிட்டப் போகவே கூடாது. கரண்டு போனாலும் பிடுங்கிவிடுவோம். திரும்பி வந்ததும் ஐந்து, பத்து நிமிடம் பொறுத்துத்தான் செருகுவோம். வரும்போதுதான் அது துள்ளிக்கொண்டு வரும். பம்பு நிற்கும் நேரத்தில் மீனுக்குத் தீனி கிடையாது. தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்று அலமாரியில் இருக்கும். மைலோ டின்னும் இருக்கிறது. வெளியூர் போனால் பக்கத்து வீட்டு அக்காளிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவோம். அதற்குக் காசும் செலவில்லை.

பையன் இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறான். நாலடித் தொட்டி, கரண்டு போனால் தானே பேட்டரிக்கு மாறும் பெட்டி என்று என்னென்னவோ வைத்திருக்கிறான். டிரிப் சுவிட்சில் "டி" என்று எழுதிய சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அமுக்கும் வேலை என் பேத்தியுடையது. அமுக்கியதும் "டக்" என்று விழ வேண்டும். விழாவிட்டால் ஒயர்மேனைக் கூப்பிட வேண்டும்.

சென்ற வாரம் அவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் இடி உறுமியது.

"பிளக்கைப் பிடுங்கினியா?" என்றேன்.

"அது அப்பவே ஆச்சும்மா."

"கையைத் துடைச்சிட்டா?"

"துடைச்சிட்டுத்தாம்மா" என்றான்.