ஆராய்ச்சிக்கு ஒரு ரசீது

அன்னதானத்துக்குப் பணம் கேட்பது சுலபம். இலை போட்டுப் பந்தி நடப்பதைக் கொடுத்தவரே வந்து பார்க்கலாம். கும்பாபிஷேகம் என்றால் கல்வெட்டில் பெயர் வரும். குழந்தைக்கு இதய ஆபரேஷன் என்றால் முன்பின் தெரியாதவர்கூடச் சட்டைப்பையில் கை விடுவார். ஆட்டிசம் ஆராய்ச்சிக்கு என்று ரசீது புத்தகத்தை நீட்டினால் மட்டும், "அது கவர்மென்ட் பண்ற வேலை இல்லையா சார்?" என்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி இன்னும் நேராகக் கேட்டார். "பையன் ஃபீஸுக்குன்னு சொல்லுங்க, இப்பமே தாரேன். ஆராய்ச்சின்னா என்னத்த ஆராயப் போறாவ?" இத்தனை பேரிடம் அலைந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

தூக்கத்தை ஆராயப் போகிறார்கள் என்றேன். என் மகனுக்குப் பதினைந்து வயது. பாதி ராத்திரியில் எழுந்து சமையலறைக்குப் போவான். சிங்க் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும் அளவுக்கு மட்டும் திறந்துவைத்து, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். மூடினால் மறுபடி திறப்பான். விடியும்வரை அவன் அம்மாவோ நானோ கூட நிற்போம். எங்கள் பெற்றோர் சங்கத்தில் எந்த வீட்டைக் கேட்டாலும் இதே போல் ஒரு கதை உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தூக்கக் கோளாறு அவ்வளவு சகஜம். மருத்துவக் கல்லூரி டாக்டர் ஒருவர் எங்கள் பிள்ளைகளை வைத்தே இதைப் படிக்க முன்வந்திருக்கிறார். வாட்ச் மாதிரி கையில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்று, தூங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் பதிந்துகொள்ளும். ஆனால் சட்டைக் காலரில் லேபிள் உரசினாலே கழற்றி எறிகிற பிள்ளை, ராத்திரி முழுக்க மணிக்கட்டில் ஒன்றைக் கட்டிக்கொண்டு படுப்பானா? அதைப் பனியன் ஓரத்தில் தைத்துவிட முடியுமா என்று பார்க்கத்தான் முதல் பணம் செலவாகப் போகிறது. அண்ணாச்சி ஐந்நூறு ரூபாய் எழுதினார்.

பணம் போகிற திசையில்தான் ஆராய்ச்சியும் போகிறது. ஆட்டிசத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. லியோ கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய பிறகு, பாசமில்லாமல் ஃபிரிட்ஜ் போல் குளிர்ந்துபோன அம்மாக்களால்தான் இது வருகிறது என்று டாக்டர்கள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஓர் அப்பா. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லேண்ட். 1964இல் வந்த தன் புத்தகத்தின் கடைசியில் ஒரு கேள்வித்தாளைச் சேர்த்திருந்தார். நாடெங்கும் பெற்றோர்கள் அதை நிரப்பித் தபாலில் அனுப்பினார்கள். மூன்று வருஷம் கழித்து ஆராய்ச்சி நிலையமும் தொடங்கினார். லண்டனில் லோர்னா விங் ஆட்டிசத்தை ஆராய்ந்த டாக்டராகவும் இருந்தார், ஆட்டிசம் உள்ள மகளுக்கு அம்மாவாகவும் இருந்தார். 1995இல் கலிஃபோர்னியாவில் ஜான் ஷெஸ்டாக், போர்ஷியா ஐவர்சன் தம்பதி மகனுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஒன்றுக்கு மேல் ஆட்டிசப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களிலிருந்து மரபணு மாதிரிகளைச் சேகரித்து, எந்த விஞ்ஞானியும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தார்கள்.

பெற்றோர் என்பதாலேயே நம் கேள்வி சரியாக இருக்கும் என்பதும் இல்லை. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதி, தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பினார். 2010இல் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் எத்தனையோ பெற்றோரின் உழைப்பும் பணமும் அந்தப் பக்கம் போய்விட்டன. அம்மாக்களின் மேல் விழுந்த பழியைத் துடைத்த ரிம்லேண்டே கடைசிக் காலத்தில் தடுப்பூசியைச் சந்தேகித்தவர்தான். ஆட்டிசம் ஸ்பீக்ஸ் அமைப்பில் பெரிய பொறுப்பில் இருந்த அலிசன் சிங்கர் என்ற அம்மா, முடிந்துபோன கேள்விக்கு மேலும் பணம் போடக் கூடாது என்று 2009இல் வெளியேறித் தனி அமைப்பு தொடங்கினார். வசூல் செய்கிறவர்களில் நான் மதிப்பது அவரை.

அதே 2009இல் ஆட்டிசம் ஸ்பீக்ஸ் ஒரு குறும்படம் எடுத்தது. ஆட்டிசமே ஒரு பூதம் போலப் பேசி, உன் குடும்பத்தை அழிப்பேன் என்று மிரட்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கொதித்தெழுந்ததில் படத்தை நீக்கிவிட்டார்கள். இங்கேயும் ஒரு நண்பர் எனக்கு யோசனை சொன்னார்: "பையன் தலைய சுவத்துல இடிச்சுக்கறப்ப ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க, பணம் கொட்டும்." கொட்டும்தான். ஆனால் அந்த வீடியோவை நாளைக்கு அவனும் பார்ப்பான். வாயால் பேசாதவனுக்குக் காது கேட்காது என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்?

பெரியம்மா கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, "இதனால நம்ம புள்ளைக்கு என்னடா வரும்?" என்று கேட்டாள். அநேகமாக ஒன்றும் வராது என்றேன். ஆராய்ச்சி முடிந்து, சரிபார்த்து, ஊர் டாக்டரின் கைக்கு வந்து சேர்வதற்குள் இவன் பெரிய ஆளாகியிருப்பான். "அப்ப யாருக்கோதான்" என்றாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கவில்லை.

குணமாகிவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லி வசூலிப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். என்ன கேள்விக்குப் பணம், அந்தக் கேள்வியை முடிவுசெய்த கூட்டத்தில் ஆட்டிசம் உள்ளவர் ஒருவராவது உட்கார்ந்திருந்தாரா என்று கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் கொடுங்கள். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பணம்கூட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான், ராத்திரி என்ன சாப்பிட்டான் என்று எழுதிவையுங்கள். டாக்டர்களிடம் பணத்தைவிட அதுதான் குறைவாக இருக்கிறது.